மாடத்தில் ஏறிய பாதரசம்

கரமனை, திருவனந்தபுரம்
வெகுதான்ய வருஷம், ஆவணி 9

அன்புள்ள அக்காவுக்கு விஜயம் அநேக நமஸ்காரம். இங்கே நானும் இவரும் மாமியாரும் சுகம். நீயும் அத்திம்பேரும் கோமுவும் சுகமென்று அறிய ஆவல். கோமு இப்போதாவது சாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளாமல் விழுங்குகிறாளா?

அரசமரம் சுற்றி எனக்குக் கால்தான் தேய்கிறது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆயிற்று. மாமியார் இப்போது ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "பங்குனி ஆறாட்டு உற்சவம் வரைக்கும் பாக்கறேன், கேட்டியோ? அதுக்கப்புறம் வடசேரியிலேர்ந்து ஒரு ஜாதகம் வந்திருக்கு." முதல் மனைவி வாலாம்பாள் பிரசவத்தில் சிசுவோடு போய்விட்டாள். இரண்டாவதாக வந்த நான் மலடி. மூன்றாமவள் வந்து விளக்கேற்ற வேண்டியதுதான் பாக்கி. இவர் ஹஜூர் கச்சேரி உத்தியோகத்தில் நாலு பேரை அதட்டுவாராம். வீட்டில் அம்மா முன்னால் தும்மக்கூட மாட்டார்.

ஆகையால் ஒரு காரியம் செய்தேன். ஆரியசாலைக்குப் பக்கத்தில் தங்கபாய் என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார், சீமையில் படித்தவர். அவரிடம் போனேன். மாசத்தில் கரு தரிக்கும் நாள் ஒன்று உண்டாம். அது வந்துபோனால் உடம்புச் சூடு அரை டிகிரி ஏறுமாம். விடியற்காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், பேசாமல், தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாசம் பார்த்தால் நாள் பிடிபட்டுவிடும். தரித்துவிட்டால் ஏறிய சூடு இறங்காதாம்.

மாமியார் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். "பல் தேய்க்காத வாயில வச்ச எச்சில் பண்டம் ஸ்வாமி இருக்கற கட்டுக்குள்ள வரப்படாது!" எனவே அதற்குப் பின்கட்டு அறைச் சுவரிலுள்ள மாடம்தான் இடம். வீட்டுப் பெண்கள் மூன்று நாள் ஒதுங்குவதும் பிள்ளை பெறுவதும் அந்த அறையில்தான். இப்போது என் படுக்கையும் அங்கே வந்துவிட்டது. டாக்டரம்மா சொல்கிற நாலைந்து நாளுக்கு மட்டும் மாடிக்கு உத்தரவு. கச்சேரியில் லீவு கேட்கிற மாதிரி இருக்கிறது. சிரிக்காதே.

நீ ராமேஸ்வரம் போய்க் கோமுவோடு திரும்பினாய். யாரோ ஏழைப் பிராமணன் ஸ்வாமி மாதிரி வந்து தன் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தான். எனக்கு இந்தக் கண்ணாடிக் குச்சிதான் ராமேஸ்வரம்.

உன் தங்கை,
விஜயம்


கல்லிடைக்குறிச்சி
ஆவணி 20

சௌபாக்கியவதி விஜிக்கு அக்காவின் மனமார்ந்த ஆசீர்வாதம். இங்கே மழையில்லை, மற்றபடி சௌக்கியம். கோமுவுக்கு லேசாக ஜலதோஷம், மூக்கைச் சிந்திக்கொண்டே ஊரைச் சுற்றுகிறாள்.

உன் கடிதத்தை அத்திம்பேர் கண்ணில் படாமல் படித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடி அசடே, குழந்தை பெற இத்தனை கணக்கா? நம் அம்மா எட்டுப் பெற்றாள், எந்தக் குச்சியை வாயில் வைத்தாள்? ஆனாலும் டாக்டர் சொல்லுகிறபடியே செய். முயற்சியில்லாமல் கிடப்பதைவிட எதுவும் நல்லது.

ஒன்று கேட்கிறேன். அந்த அறையிலா படுத்துக்கொள்ள வேண்டும்? அத்தனை பெரிய வீட்டில் வேறு மூலை கிடையாதா? உன் மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லாமல் நீயாகக் கேட்டுப் பார்.

ஆசீர்வாதத்துடன்,
லலிதாம்பாள்


கரமனை
புரட்டாசி 19

அக்காவுக்கு நமஸ்காரம். உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் சரியில்லை. நான் எழுதுவதைப் படித்துவிட்டு எனக்குப் பைத்தியம் என்று அத்திம்பேரிடம் சொல்லிவிடாதே.

தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறினால் தானாக இறங்காது. உதறினால்தான் இறங்கும். உதறும்வரை யார் உடம்பில் வைத்தோமோ அந்தச் சூட்டிலேயே நிற்கும். நான் தினமும் படுக்குமுன் உதறி, அடியில் இறங்கியதைக் கண்ணால் பார்த்துத்தான் மாடத்தில் வைக்கிறேன்.

போன மாசக் கடைசியில் ஒருநாள் விடியற்காலை கையில் எடுத்தால், வாயில் வைக்கும் முன்பே தொண்ணூற்றொன்பதில் நிற்கிறது. நான்தான் மறந்தேன் என்று உதறிவிட்டு என் சூட்டைப் பார்த்தேன். மறுநாள் நூற்றொன்று. பெருக்க வருகிற முத்தாரம்மாளைக் கேட்டேன். "அய்யோ, அந்த அறைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன் அம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்கு அப்படிக் கும்பிட்டாள் என்று அப்போது யோசிக்கவில்லை. அறையைப் பூட்டிச் சாவியைத் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டு மாடியில் படுத்த நாட்களிலும் இதே கதைதான்.

பத்மநாபபுரத்து ஸரஸ்வதி நவராத்திரிக்காக யானைமேல் கரமனை வழியாகக் கோட்டைக்கு எழுந்தருளினாளே, அதற்கு மறுநாள் காலை நூற்றுமூன்று! அப்படி ஒரு ஜுரம் உடம்பில் இருந்தால் நான் உளறிக்கொண்டு கிடந்திருப்பேன். எனக்கோ தொண்ணூற்றேழு சொச்சம்.

இன்னொன்று. கண்ணாடியின் முனை அந்த நாட்களிலெல்லாம் நீலகிரித் தைலம் மணக்கிறது. இந்த வீட்டில் அந்தத் தைலமே கிடையாது. மாமியாருக்கு அந்த வாசனை ஆகாது. முதலில் எனக்குக் கோபம் வந்தது, அக்கா. இப்போது பயமாக இருக்கிறது. உடனே பதில் போடு.

விஜயம்


கல்லிடைக்குறிச்சி
ஐப்பசி 8

விஜிக்கு ஆசீர்வாதம். பதில் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை.

திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் கண்ணாடி தானாகச் சூடாகியிருக்கும். அதற்கு இத்தனை அமர்க்களமா? பயந்தவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டாக்டரிடம் சொல்லி வேறு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள். அந்த அறையை விட்டு வெளியே வந்து கூடத்தில் படு.

நூற்றுமூன்று என்று எழுதினாயே, அது யானை ஊர்வலத்துக்கு மறுநாள்தானா? அதற்கப்புறம் எந்தெந்த நாள் ஏறியிருந்தது? சும்மாதான் கேட்கிறேன்.

கோமு இப்போது தேவலை.

லலிதாம்பாள்


கரமனை
ஐப்பசி 17

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம். கோமு "இப்போது தேவலை" என்றால் அவளுக்கு என்ன செய்தது? நீ எழுதவே இல்லையே.

நீ கேட்ட நாட்கள்: விஜயதசமி, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, தீபாவளிக்கு முன்தினம். நடுவில் ஒன்றும் இல்லை. இதை ஏன் கேட்டாய் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

தங்கபாய் டாக்டரம்மா புதுத் தெர்மாமீட்டர் கொடுத்தார். அதுவும் அப்படியே. நேற்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். முதலில் சிரித்தார். நான் சொன்ன சூடுகளை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அம்மா, இது பெரியவங்க ஜுரமில்ல. சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் இப்படிச் சட்டுனு ஏறி, சட்டுனு இறங்கும். உங்க வீட்டுல குழந்தை யாரு இருக்கா?" என்றார். ஒருவரும் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் நாள் மட்டும் ஏறக்குறைய பிடிபட்டுவிட்டது. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட விடாமல் அந்த மாடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

விஜயம்


தபால் கார்டு
கல்லிடைக்குறிச்சி, கார்த்திகை 2

சௌ. விஜயத்துக்கு ராமசுப்ரமணியன் ஆசீர்வாதம். க்ஷேமம். லலிதா இதை எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். ஆவணிக் கடைசியிலிருந்து கோமுவுக்கு விட்டு விட்டு ஜுரம். நீ குறிப்பிட்ட அதே நாட்கள். நீலகிரித் தைலம் தடவுகிறோம். எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. அப்படியிருக்க, குழந்தை காலையில் எழுந்து, "ஒரு மாமி வந்து அக்குள்ளே கண்ணாடிக் குச்சி வச்சா, ஜில்லுன்னு இருந்தது" என்கிறாள். அப்படிச் சொல்கிற காலையெல்லாம் வேர்த்து ஜுரம் விட்டுவிடுகிறது. உங்கள் வீட்டுக்கும் எனக்கும் தாயாதி உறவு என்பது உனக்குத் தெரியும். மற்றதை உன் அகத்துக்காரர் சேஷனிடமே கேள். லலிதாவுக்கு இந்தக் கார்டு தெரியாது.


கரமனை
கார்த்திகை 11

அக்காவுக்கு,

நமஸ்காரம் எழுத வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது.

இவரிடம் கேட்டேன். முதலில் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்றார். வாசல் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டு, சொன்னால்தான் விடுவேன் என்றேன். உட்கார்ந்து சொல்லிவிட்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பெண் மூலத்துல பொறந்தது. பெண் மூலம் நிர்மூலம்னு அம்மா அன்னிக்கே சொல்லிட்டா. பத்தாம் நாள் வாலாவுக்கு ஜன்னி கண்டுடுத்து. அவ உடம்புதான் அனலாக் கொதிச்சது. ஆனா குழந்தையைக் கட்டிண்டு, 'கொழந்தைக்கு ஜுரமாயிருக்கே, யாராவது தொட்டுப் பாருங்கோளேன், யாராவது பாருங்கோளேன்'னு கத்திண்டே இருந்தா. கத்தலை நிறுத்தணும்னு அம்மா குழந்தையை எடுத்துண்டு வந்துட்டா. கொழந்தை போயிடுத்துன்னு அவகிட்ட சொல்லிட்டா. வாலா நம்பலை. விடியறவரைக்கும் கேட்டுண்டேதான் இருந்தா. நான் முற்றத்துல நின்னுண்டிருந்தேன். உள்ள போகலை."

சாகவில்லை அந்தக் குழந்தை, அதையும் இவரே சொன்னார். உன் மடியில் இருக்கிறது. பத்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த உனக்கு என் மாமியார் தூக்கிக் கொடுத்தார். மறு வருஷம் நீ என்னை இங்கே கொடுத்தாய். ராமேஸ்வரமாம், ஏழைப் பிராமணனாம்! என்னைக் கொடுத்துத்தான் அவளை வாங்கினாயா, அக்கா? அதை மட்டும் சொல்.

இன்று காலை நூற்றிரண்டு. கோமு எப்படி இருக்கிறாள்? என்மேல் எத்தனை கோபம் வந்தாலும் இதற்கு மட்டும் பதில் போட்டுவிடு.

விஜயம்


கல்லிடைக்குறிச்சி
மார்கழி 14

விஜிக்கு ஆசீர்வாதம்.

கோமுவுக்கு ஒன்றுமில்லை. அவள் என் குழந்தை. கன்னத்தில் அடக்கிய சாதத்தை விழுங்கவைக்க ஐந்து வருஷமாகக் கதை சொல்லுகிறவள் நான். ஜுரம் வந்த நாளில் தூங்காதவள் நான். செத்தவர்கள் செத்தவர்களாகவே இருக்கட்டும்.

அந்தக் குச்சிதான் குழந்தைக்கு ஜுரத்தைக் கொண்டுவருகிறது. அதை உடைத்துப் போடு. நீ எனக்குச் செய்யவேண்டியது அவ்வளவுதான்.

லலிதாம்பாள்


கரமனை
மார்கழி 24

அக்காவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம்.

எனக்கு உடைக்கக் கை வரவில்லை. உன் கடிதத்தை இவர் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டார். அவர் மறுபேச்சில்லாமல் அதை ஒரு வாழையிலைச் சருகால் பிடித்து எடுத்துக்கொண்டு போய்க் கரமனை ஆற்றில் எறிந்துவிட்டு, தலைக்கு முழுகி வந்தார். "சனியன் ஒழிஞ்சுது" என்றார்.

அறை சத்தமில்லாமல் இருக்கிறது. எப்போதும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இப்போது அங்கே படுத்தால், யாரோ கையைப் பிசைந்துகொண்டு மூலைக்கு மூலை நடக்கிற மாதிரி இருக்கிறது, எனக்குத் தூக்கம் வருவதில்லை. கோமு நன்றாக இருக்கிறாளா?

விஜயம்


கல்லிடைக்குறிச்சி
தை 5

விஜி,

க்ஷேமம் எழுத ஒன்றுமில்லை. கோமுவுக்கு எட்டு நாளாக ஜுரம் இறங்கவே இல்லை. டாக்டர், நாட்டு வைத்தியர், மந்திரிப்பவன் எல்லோரும் வந்து போனார்கள். இதற்கு முன்னால் எத்தனை ஏறினாலும் காலையில் விட்டுவிடும். இப்போது விடவில்லை. கண் திறந்தால், "அந்த மாமி ஏன் வரலை?" என்று கேட்கிறாள். நான் மாமி இல்லை, அம்மா என்றால், "உன்னை இல்லை, குச்சி வச்சிருக்கற மாமி" என்கிறாள்.

தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேன். வாலா ஜுரத்தைக் கொண்டுவரவில்லை. வந்த ஜுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய் வேறொன்று வாங்கி அதே மாடத்தில் வை. நாளை செங்கோட்டை வழியாக வரும் ரயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறேன். உன் மாமியார் வாசலில் தடுத்தால் நான் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வருவேன் என்று இப்போதே சொல்லிவை. நீ கேட்டதற்கெல்லாம் நேரில் பதில் சொல்கிறேன்.

லலிதா


கரமனை
பங்குனி 6

அன்புள்ள அக்காவுக்கு விஜயம் அநேக நமஸ்காரம். இங்கே நாங்கள் சுகம். கோமு இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அத்திம்பேர் எழுதியிருந்தார், படித்ததும் எனக்கு வயிறு நிறைந்தது.

நேரில் பதில் சொல்கிறேன் என்று எழுதினாய். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோபம் இருக்கிறது, அக்கா. அது போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று நீ வாசலில் நின்ற என் மாமியாரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, கொதிக்கிற குழந்தையைப் பின்கட்டு அறையில் போட்டுவிட்டு, வெறும் சுவரைப் பார்த்து, "பார்த்துக்கோ, நீயே பார்த்துக்கோ, என்கிட்ட விட்டுட்டு மட்டும் போ" என்று நமஸ்காரம் செய்தாயே, அதற்கப்புறம் உன்னிடம் எதைக் கேட்பது?

உன்னிடம் அன்று சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ நிலைப்படியில் சாய்ந்தபடி அசந்துவிட்டாய். நான் விழித்திருந்தேன். விடிகிற சமயம் கோமு தூக்கத்திலேயே இடது கையைத் தானாகத் தூக்கினாள். யாரோ, "கையைத் தூக்கும்மா" என்று சொன்னதுபோலத் தூக்கி, பிறகு எதையோ இடுக்கிக்கொள்வதுபோல இறுக்கி வைத்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது போலிருக்கிறது, ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்துச் சிரித்தாள். அப்புறம் வேர்த்துக் கொட்டிற்று. நான் எழுந்து போய் மாடத்தைப் பார்த்தேன். புதுத் தெர்மாமீட்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. நூற்றுநாலு. எனக்குப் பயமே இல்லை. ஐந்து வருஷம் கழித்து ஒருத்தி கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றிற்று. இவர் அன்றைக்கும் முற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இனி என் சங்கதி. தை மாசம் ஏறிய சூடு இறங்கவில்லை. நேற்று தங்கபாய் டாக்டரம்மா பார்த்துவிட்டு நிச்சயம் என்று சொல்லிவிட்டார். ஆமாம் அக்கா, எனக்கும்! வடசேரி ஜாதகம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மாமியார் கேட்டதும் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "கிட்டத்தட்டப் பிரசவ நாள்லதான் மூலமும் வரது. ஆணாயிருந்தா ராஜயோகம். பெண்ணாயிருந்தா என்ன, ராமேஸ்வரம் இருக்கவே இருக்கு" என்றார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். இவர் வழக்கம்போலச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

இன்று காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாருடி ராத்திரி என் அக்குள்ளே ஜில்லுன்னு கண்ணாடியைச் சொருகினது? நீயா?" என்றார். நான் இல்லை அம்மா என்றேன்.

போய்ப் பார்த்தேன். பாதரசம் ஏறவே இல்லை. நான் உதறி வைத்த அடியிலேயே கிடந்தது. முனையில் மாமியாரின் விபூதி ஒட்டியிருந்தது.

அவருக்கு ஒரு நோயும் இல்லை. காப்பி குடித்தார், குளித்தார், ஜபம் செய்தார். பஞ்சாங்கத்தை மட்டும் பரண்மேல் போடச் சொல்லிவிட்டார். ஆனால் காலையிலிருந்து பத்து தரம் என்னிடம் கையை நீட்டி, "எனக்கு உடம்பு சுடறதா, தொட்டுப் பாரேன்" என்கிறார். ஆற்று மணல் மாதிரி ஜில்லென்றிருக்கிறது. நான், "சுடறது அம்மா, நன்னா சுடறது" என்று சொல்லிவிடுகிறேன்.

பிரசவத்துக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு வா என்று எழுதுவாய். வரமாட்டேன். இந்த வீட்டுப் பின்கட்டு அறையில்தான் பெறுவேன். பிறப்பது எந்த நட்சத்திரமானாலும் அதை அங்கிருந்து யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நீயும் கோமுவும் முன்னதாக வந்துவிடுங்கள். நீலகிரித் தைலம் ஒரு சீசா கொண்டுவா.

உன் தங்கை,
விஜயம்